லினக்ஸ் மடிக்கணினிக்கு மலிவான சவுண்ட் கார்டு எது?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கோயிலில் பஜனை பதிவு செய்யணும். உபுண்டு போட்ட பழைய மடிக்கணினியும் கோயில் மிக்சரும் இருக்கு. எதை வாங்கலாம்?

பதில்: மிக்சரிலிருந்து எடுப்பதாக இருந்தால் குச்சி மாதிரி வரும் பத்து இருபது வெள்ளி (ரிங்கிட்) யூஎஸ்பி சவுண்ட் கார்டை வாங்காதீர்கள். லினக்ஸில் ஓடாது என்றில்லை, செருகியதுமே ஓடும். தகராறு அதன் மைக் ஓட்டையில்தான். பெரும்பாலும் உள்ளே இருப்பது சி-மீடியா சிஎம்108 வகைச் சிப். அதன் மைக் பாதை ஒரே சேனல். அதுவும் சில மில்லிவோல்ட்டுக்குப் போட்டது. மிக்சரின் ஒரு வோல்ட் போல வரும் ஒலியை அதில் விட்டால் மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியும் கரகரவென்று கிழியும். கிழிந்ததை அப்புறம் எந்த மென்பொருளாலும் தைக்க முடியாது. பெட்டியில் ‘7.1’ (எட்டு ஸ்பீக்கர் ஒலி) என்று போட்டிருந்தாலும் மயங்க வேண்டாம்.

பெரிங்கர் யூசிஏ222 என்ற சின்ன யூஎஸ்பி ஒலிப்பெட்டியை வாங்குங்கள். மிக்சர் போன்றவற்றின் பலமான ஒலியை வாங்கும் ஸ்டீரியோ ஆர்சிஏ ‘லைன் இன்’ உண்டு, பதிவுத் தரம் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். பஜனைக்கு அது தாராளம். டிரைவர் எதுவும் ஏற்ற வேண்டியதில்லை, லினக்ஸின் கெர்னலில் (மையப் பகுதியில்) இருக்கும் யூஎஸ்பி ஆடியோ டிரைவரே போதும். வேறு எதையாவது பார்த்தால் ‘கிளாஸ் கம்ப்ளையன்ட்’ (தனி டிரைவர் கேட்காத பொது யூஎஸ்பி முறை) என்று இருக்கிறதா பாருங்கள். ஐபேடில் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் லினக்ஸிலும் ஓடும். மைக்கை நேரே செருக யூசிஏ222 ஆகாது, மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப் அதில் இல்லை.

மிக்சரின் ‘டேப் அவுட்’ அல்லது ‘ரெக் அவுட்’டிலிருந்து ஆர்சிஏ வயரை இன்புட்டில் செருகுங்கள். டெர்மினலில் ‘ஏரெக்கார்ட்’ கட்டளை, இடைவெளி, ஒரு கோடு, சின்ன எல் (arecord -l) என்று தட்டுங்கள், பதிவுக் கருவிகளின் பட்டியல் வரும். பட்டியலில் ‘யூஎஸ்பி ஆடியோ கோடெக்’ வந்தால் சரி. அடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் அதையே பதிவுக் கருவியாகத் தேர்ந்தெடுங்கள். மடிக்கணினியின் உள்மைக்கிலேயே விட்டுவிட்டு மணிக்கணக்கில் விசிறிச் சத்தத்தைப் பதிவு செய்தவர்கள் நிறைய. யூசிஏ222-வில் இன்புட் அளவுக் குமிழ் கிடையாது. அளவை மிக்சரில்தான் பிடிக்க வேண்டும். அடாசிட்டியின் அளவுமானியில் உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லுக்குள் நிற்கட்டும், உறுமி சேரும்போது எகிறும்.

‘ம்ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றால் எர்த் வளையம்தான்: மிக்சரும் சார்ஜரும் வேறு வேறு பிளக்கில் இருப்பதால் வருவது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போடுங்கள், அல்லது பேட்டரியிலேயே பதிவு செய்யுங்கள். பிளக்கின் எர்த் இணைப்பை மட்டும் துண்டித்துவிடாதீர்கள். மைக்கைப் பிடித்துப் பாடுபவருக்கு ஷாக் அடிக்கலாம்.