இரண்டரை லிட்டரை இயந்திரம் எப்படி அறிகிறது?

கேள்வி: என் தந்தைக்கு வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. தொடங்கும்போது திரையில் 2,500 மி.லி. என்று பதிவு செய்கிறார்கள். நான்கு மணி நேரத்தில் எடையும் ஏறக்குறைய அவ்வளவே குறைகிறது. இயந்திரம் இதை எப்படிக் கணக்கிடுகிறது? சில நொடிகளுக்கு ஒருமுறை உள்ளே 'டக், டக்' என்று கேட்பது கோளாறா? – ஒரு வாசகி

பதில்: கோளாறு இல்லை. உங்கள் முதல் கேள்விக்கான விடையை அந்த ஒலியிலிருந்தே தொடங்கலாம்.

முகப்பில் சுழல்வது இரத்த பம்ப். அதன் உருளைகள் மென்மையான குழாயை வெளியிலிருந்து நசுக்கியபடி சுழன்று இரத்தத்தை முன்னே தள்ளுகின்றன. பம்பின் எந்தப் பாகமும் இரத்தத்தைத் தொடுவதில்லை. வடிகட்டியில் மெல்லிய இழைகளுக்கு உள்ளே இரத்தமும், வெளியே எதிர்த்திசையில் டயாலிசிஸ் திரவமும் ஓடுகின்றன. இத்திரவம் நிமிடத்துக்கு 500 மி.லி. வீதம் ஓடினால் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் ஆகும். உள்ளே சென்றதையும் வெளியே வந்ததையும் தனித்தனியே அளந்து கழித்துப் பார்ப்பதென்றால், நூற்றில் ஒரு பங்கு பிழையே 1,200 மி.லி. ஆகிவிடும். அது உங்கள் தந்தையின் உடலிலிருந்து எடுக்க வேண்டிய நீரில் கிட்டத்தட்டப் பாதி.

ஆகவே பல இயந்திரங்களில் சமநிலை அறை என்ற அமைப்பை வைத்திருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை, இந்த இயந்திரத்திலேயே மிக அழகான யோசனை இதுதான். சிறிய அறை ஒன்றை வளையக்கூடிய சவ்வு இரண்டாகப் பிரிக்கிறது. ஒருபுறம் புதிய திரவம் நிரம்பும்போது அது சவ்வைத் தள்ள, மறுபுறம் இருந்த பழைய திரவம் அதே அளவு வடிகாலுக்குப் போகிறது. பிறகு வால்வுகள் மாறுகின்றன. வடிகட்டியிலிருந்து திரும்பும் திரவம் அறைக்குள் நிரம்பி, புதியதை அதே அளவு வடிகட்டிக்கு அனுப்புகிறது. ஓட்டம் இடையறாமல் இருக்க இரண்டு அறைகள் மாறி மாறி வேலை செய்கின்றன. அறைக்கு நான்காக எட்டு மின்காந்த வால்வுகள் திறந்து மூடும் ஒலியே உங்கள் காதில் விழுகிறது. அறை 30 மி.லி. கொள்ளுமானால் ஏறத்தாழ 3.6 நொடிக்கு ஒருமுறை அது கேட்கும்.

வரவும் செலவும் இப்படிச் சமமாகிவிட்ட பிறகு, மூடிய அந்தச் சுற்றிலிருந்து தனியாக ஒரு சிறு பம்ப் திரவத்தை வெளியே இழுக்கிறது. நீர் விரிந்துகொடுக்காது என்பதால், இழுத்த ஒவ்வொரு துளிக்கும் ஈடாக இரத்தத்திலிருந்து இழைகளின் சுவர் வழியாக நீர் வந்தே தீர வேண்டும். ஒரு வீச்சுக்கு 1 மி.லி. எடுக்கும் பம்ப், 240 நிமிடங்களில் 2,500 வீச்சுகளை, அதாவது நிமிடத்துக்குச் சுமார் பத்து வீச்சுகளை முடித்தால் கணக்கு சரியாகிவிடும்.

இக்கணக்கைக் கெடுப்பவை காற்றுக் குமிழிகளும், முழுதாக மூடாத வால்வும். குமிழி அறையில் இடம் பிடித்துக்கொள்ளும் என்பதால், நீரைச் சூடாக்கி, உறிஞ்சும் அழுத்தத்தில் காற்றைப் பிரித்த பிறகே பயன்படுத்துகிறார்கள். கசியும் வால்வைக் கண்டுபிடிக்க, சிகிச்சைக்கு முன்பே அழுத்தம் நிலைத்து நிற்கிறதா என்று இயந்திரம் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. அந்த நிமிடங்களில் பணியாளரை அவசரப்படுத்த வேண்டாம். திரவத்தின் உப்புச் செறிவோ வெப்பமோ பிசகினால், வேறொரு வால்வு அதை வடிகட்டிப் பக்கம் விடாமல் நேரே வடிகாலுக்குத் திருப்பிவிடும். இரத்தக் குழாயில் காற்று தென்பட்டால் பம்ப் நின்று, உடலுக்குத் திரும்பும் குழாயைக் கவ்வி ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சிகிச்சையின்போது தந்தை அருந்தும் நீரும், இறுதியில் குழாயிலுள்ள இரத்தத்தை உடலுக்குத் திருப்பச் செலுத்தும் உப்புக்கரைசலும் இயந்திரத்தின் கணக்கில் தாமாகச் சேர்வதில்லை. கரைசலைச் செவிலியர் கணக்கில் வைத்தே இலக்கைக் குறிப்பார். இடையில் 200 மி.லி. நீர் அருந்தியிருந்தால் அதை அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.