மலையூர் வீட்டுக்கு முற்பணம் கொடுக்கலாமா?

பாரிசுக்குப் பக்கத்தில் லா கூர்நேவில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: ஓய்வு பெற்றபின் மலைக் கிராமத்தில் குடியேற ஆசை, ஆகஸ்டில் ஆல்ப்ஸ் மலைக் கிராமமான சென்-வெரான் போனபோது தெரிந்தவர் ஒருவர் ஊருக்கு மேலே மண்பாதையோரம் ஒரு பழைய கல்கட்டிடத்தைக் காட்டினார், விலை மலிவு, 5,000 யூரோ கையில் கொடுத்தால் வேறு யாருக்கும் போகாமல் பிடித்து வைப்பாராம், கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். வாங்கச் சம்மதம் என்று நீங்கள் மட்டும் எழுதிக் கொடுக்கும் தாளுக்குப் பணம் வாங்கினால் அந்தத் தாளே பிரெஞ்சு சட்டப்படி செல்லாது. முற்பணம் என்பது இரு தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு நொத்தேரின் (சொத்து விற்பனைப் பத்திரம் எழுதும் சட்ட அதிகாரி) கணக்குக்குப் போகவேண்டியது. இந்தத் "தெரிந்தவர்" தரகர் என்றால் தரகு செய்ய உரிமம் தரும் தொழில் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். அட்டை இல்லாதவருக்குத் தரகுக் கூலி கேட்கவே உரிமை இல்லை. நம்ம ஆள், நம்ம மொழி என்று இதில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம், இதை எத்தனை தடவை எழுதினாலும் போதாது. உங்களுக்கென்று தனி நொத்தேர் வைத்துக்கொள்ளுங்கள். இருவர் இருந்தாலும் கட்டணம் ஒன்றுதான், அவர்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள்.

அடுத்தது பாதை. சென்-வெரான் 2,040 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடையில் லார்ச் மர வீடுகளும் சுவரில் வரைந்த சூரியக் கடிகாரங்களும் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். குளிர்காலத்தில் இத்தாலி பக்கத்து ஆன்யெல் கணவாய் மூடிவிடும், கீழே உள்ள கியெஸ்திர் ஊர்ப் பக்கம் இறங்குவதுதான் வழி. அந்தச் சாலையில் பனி தள்ள வண்டி வரும். உங்கள் மண்பாதைக்கும் வருமா என்று மேரியில் (ஊராட்சி அலுவலகம்) எழுத்தில் கேளுங்கள். சிறிய ஊர்களில் அந்த அலுவலகம் வாரத்தில் சில மணி நேரம்தான் திறந்திருக்கும், நீங்கள் லீவு போட்டுப் போனால் அன்றைக்குப் பார்த்து மூடியிருக்கும், என்ன செய்வது. குளிர்காலத்தில் பாதை இல்லாத பழைய மேய்ச்சல் குடில் என்றால், திருத்திக் கட்ட அனுமதி தரும்போதே "குளிர்காலத்தில் குடியிருக்கக்கூடாது" என்று நிபந்தனை போட முடியும். அது சொத்துப் பதிவிலும் ஏறிவிடும். வருடம் முழுக்க வாழ நினைப்பவருக்கு அப்படி ஒரு வீடு எதற்கு?

அப்புறம் ஒரு விஷயம், இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். ஒப்பந்தம் போட்டாலும் பத்து நாளுக்குள் காரணம் சொல்லாமல் பின்வாங்கலாம், முற்பணம் 21 நாளுக்குள் திரும்ப வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த உரிமை குடியிருப்பு வீட்டுக்கு மட்டும். நீங்கள் பார்த்தது வைக்கோல் அடைக்கிற கொட்டிலாக இருந்தால், உள்ளே அடுப்பும் கட்டிலும் போட்டிருந்தாலும், தாளில் அது கொட்டில்தான். அந்தப் பத்து நாளை நம்பிக் கையெழுத்திட முடியாது. வீடாக மாற்றத் தனி அனுமதி வேண்டும், அது கிடைக்குமா என்பது ஊரின் கட்டிடத் திட்டத்தைப் பொறுத்தது. அதனால் வாங்கும் முன்பே, இங்கே வீடு செய்ய முடியுமா என்று கேட்டு நகரமைப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். இலவசம்தான், ஆனால் இரண்டு மாதம் எடுப்பார்கள். ஒரு தாளுக்கு இரண்டு மாதம்! சரி, அந்த இரண்டு மாதத்துக்கு விற்பவர் பொறுக்கமாட்டார் என்று தரகர் சொன்னால், அனுமதி கிடைத்தால் மட்டும் வாங்குவேன் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் விட்டுவிடுங்கள்.

பனிச்சரிவு, மண்சரிவு அபாயம் பற்றிய அறிக்கையை விற்பவர்தான் தரவேண்டும், கேட்டு வாங்குங்கள். பிப்ரவரியில் ஒரு தடவை போய்ப் பாருங்கள்; பாரிசிலிருந்து பிரியான்சோன் போகும் இரவு ரயில் மோன்-தோஃபான்-கியெஸ்திரில் நிற்கும். காரில் போனால் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை பனிக்கால டயரோ சங்கிலியோ கட்டாயம்.