மூன்று கோப்பையில் ஒன்று

அன்புள்ள அக்கா,

உலகக் கோப்பி சுவைப்போர் போட்டிக்குப் பழக ஆசை. தம்பி ஊற்றித்தர வீட்டில் செய்து பார்த்தேன். எட்டில் மூன்றுதான் சரி. எங்கள் கிணற்றுத் தண்ணி கேத்திலில் வெள்ளைப் படை கட்டும். அதுவா பிழை?

வாசகி, கிளிநொச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

அந்த மூன்றைக் கணக்கில் எடுக்காதையுங்கோ. போட்டியில் எட்டு வரிசை, வரிசைக்கு மூன்று கோப்பை. இரண்டில் ஒரே கோப்பி, ஒன்றில் வேறு. அந்தத் தனிக்கோப்பையைக் கண்டுபிடிக்க வேண்டும். சுவைக்காமல் கைக்கு வந்ததை எடுத்தாலே இரண்டோ மூன்றோ சரிவரும். ஆறும் அதற்கு மேலும் அப்படி அதிர்ஷ்டத்தில் வருவது நூறு தடவைக்கு இரண்டு தடவைதான். ஆறு வந்தபிறகு எழுதுங்கோ.

தண்ணியும் பிழைதான். அந்தப் படையைக் கட்டும் பைகாபனேற்று கோப்பியின் புளிப்பை அமுக்கிவிடும். கென்யாவையும் பிரேசிலையும் பிரித்துக் காட்டுவதே அந்தப் புளிப்புத்தான். அதற்காகத் தனி ஆர்.ஓ. (உப்பு நீக்கிய) தண்ணியில் போட்டால் சப்பென்றிருக்கும். கலந்து பாருங்கோ: தண்ணியில் கரைந்த உப்புகளை அளக்கும் டீ.டீ.எஸ். மீற்றரில் கிணறு 500, ஆர்.ஓ. 20 என்றால், ஒரு பங்கு கிணற்றுத் தண்ணிக்கு மூன்று பங்கு ஆர்.ஓ. 140 வரும். 150ஐ ஒட்டி நின்றால் போதும்.

தம்பி கோப்பைக்குக் கோப்பை தனித்தனியாக வடிக்கிறாரோ? அப்படியென்றால் 'ஒரே' கோப்பி இரண்டும் ஒன்றாக இராது. ஒவ்வொரு வகையிலும் 72 கிராம் தூளுக்கு 1200 மில்லி லீற்றர் தண்ணி விட்டு, ஒரே தரமாக வடித்து, பன்னிரண்டு கோப்பைக்கு 80 மில்லி லீற்றர் வீதம் ஊற்றட்டும். நாலு வரிசையில் ஒரு வகை தனிக்கோப்பை, மற்ற நாலில் அடுத்த வகை. அடையாளம் கோப்பையின் அடியில். தனிக்கோப்பையைக் கடைசியாக ஊற்றினால் அது கூடுதலாகச் சுடும். நாக்கு சுவையை விட்டுச் சூட்டைப் பிடித்துக்கொள்ளும், உங்களுக்கும் கெட்டிக்காரி என்ற நினைப்பு வந்துவிடும். எல்லாம் இளஞ்சூட்டுக்கு வரட்டும்.

மல்லி, வேர்க்கொம்பு அரைத்த மில்லில் இந்தக் கொட்டைகளை அரைக்கவே கூடாது. இரண்டு வகையிலும் மல்லி மணந்தால் எதைப் பிரிப்பது?

நேரம் எட்டு நிமிடம். கோப்பைக்கு 20 செக்கன். கரண்டியால் சத்தமாக உறிஞ்சித் துப்புங்கோ, வெட்கப்பட வேண்டாம். முதற்கோப்பை வெறும் நாக்கில் எப்போதும் கடுமையாகத் தெரியும். அதனால் மூன்றாவதை முடித்ததும் முதலாவதை மறுபடி தொட்டுவிட்டு முடிவெடுங்கோ. எண்ணிக்கை சமமானால்தான் நேரம் பார்ப்பார்கள். நாலு நிமிடத்தில் ஐந்து எடுத்தவர், எட்டு நிமிடத்தில் ஆறு எடுத்தவருக்குப் பின்னால்தான்.