வால்வு யார் கையில்? கடலூர் முதுநகரில் ஒரு கேள்வி பதில்

2025 செப்டம்பர் கடைசி ஞாயிறு, முதுநகர் படிப்பகத்தில் உலக அரசியல் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். எண்ணெய்க் கப்பல்களில் 29 வருஷம் ஓடியவன் நான், கடைசி 11 வருஷம் சீஃப் இன்ஜினியர். சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளும் என் பதில்களும் கீழே. வரி, போர் நிலவரம் எல்லாம் அன்றைய தேதிக்குச் சொன்னவை. கடல், எண்ணெய், சரக்கு, கப்பல் வேலை இவற்றைத் தொட்ட கேள்விகளுக்கு நீளமாகப் பேசியிருக்கிறேன். எந்தத் தலைவர் நல்லவர் என்ற சீட்டுகளை எடுக்கவில்லை.

கிள்ளையில் இறால் குட்டை வைத்திருப்பவர்: அமெரிக்கா போட்ட 50 சதவீத வரி எப்போது போகும்? இப்போது குஞ்சு விடலாமா?

தேதி சொல்கிறவரை நம்பாதீர்கள் அண்ணே. நடந்ததைச் சொல்கிறேன். ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதம். ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. விலை குறைத்துக் குவிக்கிறோம் என்று இறாலுக்கு ஏற்கனவே இருக்கும் பொருள்குவிப்பு எதிர்ப்பு வரியும், அரசு மானியம் வாங்குகிறோம் என்று இருக்கும் மானிய எதிர்ப்பு வரியும் இதற்கு மேல். நம்மோடு போட்டி போடும் ஈக்வடாருக்கு 15 சதவீதம்தான். உறைந்த இறாலுக்கு நம் மிகப் பெரிய சந்தையே அமெரிக்கா என்பதால் அடி உங்கள் குட்டை வரைக்கும் வருகிறது.

ரஷ்யக் கச்சா எண்ணெயை நம்மைவிட அதிகம் வாங்குவது சீனா. சீனாவுக்கு இந்த அபராதம் இல்லை. ஏன்? ஏப்ரலில் சீனா 7 அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்றது. கார் மோட்டாருக்கான வலுவான காந்தம் செய்ய இவை வேண்டும். அடுத்த மாதமே காந்தம் கிடைக்காமல் அமெரிக்காவில் கார் தொழிற்சாலைகள் தடுமாறின. கப்பலில் மூன்று மாடி உயர எஞ்சினை நிறுத்த சுத்தியல் வேண்டாம், எரிபொருள் குழாயில் ஒரு வால்வை மூடினால் போதும். சீனா கையில் அப்படி ஒரு வால்வு இருக்கிறது. நம் இறால் அப்படி இல்லை. நம்மிடம் வாங்காவிட்டால் ஈக்வடாரில் வாங்கிக்கொள்வார்கள். எனக்கு இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் நிலைமை இதுதான்.

இன்னொன்று. ஆகஸ்ட் 27-க்கு முன் கப்பலேறி, செப்டம்பர் 17-க்குள் அங்கே சுங்கம் முடித்த சரக்குக்குக் கூடுதல் வரி இல்லை என்றார்கள். நம் கரையிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரைக்குப் பெட்டி போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். செங்கடலில் 2023 நவம்பரிலிருந்து ஏமன் நாட்டு ஆயுதக் குழுவான ஹூத்திகள் கப்பல்களைத் தாக்கிவந்ததால் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனால் இன்னும் 10, 14 நாள். ஆகஸ்ட் மூன்றாம் வாரம் ஏற்றியவருக்கு அந்தச் சலுகை ஏட்டுச் சுரைக்காய்.

குஞ்சு விடுவதை உங்கள் ஐப்பசி மழைக் கணக்கும் தீவனக் கடனும்தான் முடிவு செய்ய வேண்டும். வாங்குகிற கம்பெனியிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: என் இறால் எந்த நாட்டுக்குப் போகிறது? அமெரிக்கா மட்டும் என்றால் எல்லாக் குட்டையிலும் ஒரே சமயத்தில் விடாதீர்கள்.

திருப்பாதிரிப்புலியூர், கல்லூரி மாணவர்: மூன்றாம் உலகப் போர் வருமா?

அணு ஆயுதம் வைத்திருக்கும் நாடுகள் 9. 1945-க்குப் பிறகு யாரும் அதைப் போரில் போடவில்லை. அதற்கு மேல் பேசினால் ஜோசியம். அடுத்தது.

தேவனாம்பட்டினம், ஒரு தாய்: என் மகன் எண்ணெய்க் கப்பலில் ஆயிலர். ஹோர்முஸ் பற்றி டிவியில் பார்த்தால் தூக்கம் வரவில்லை. அங்கே என்னதான் இருக்கிறது?

அம்மா, முதலில் இடத்தைச் சொல்கிறேன். ஹோர்முஸ் ஒரு ஜலசந்தி. ஒரு பக்கம் ஈரான், மறுபக்கம் ஓமன். மிகக் குறுகலான இடத்தில் சுமார் 33 கிலோமீட்டர். இங்கிருந்து கிளம்பிப் புதுச்சேரியைக் கொஞ்சம் தாண்டினால் வருகிற தூரம். அதிலும் கப்பல் போக 2 கடல் மைல் அகலப் பாதை, வர 2 கடல் மைல், நடுவில் 2 கடல் மைல் இடைவெளி. 2024-ல் அந்த வழியாக நாளொன்றுக்கு சுமார் 2 கோடி பீப்பாய் எண்ணெய் போனது. உலகம் எரிப்பதில் ஐந்தில் ஒரு பங்கு.

உங்கள் மகன் கீழே என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். ஹோர்முஸ் நெருங்கும்போது எஞ்சின் ரூமில் ஆள் கூடும். ஸ்டியரிங் மோட்டார் இரண்டையும் ஓடவிடுவோம், ஜெனரேட்டர் ஒன்று கூடுதலாக ஓடும், நடு வழியில் மின்சாரம் போய்விடக் கூடாது என்பதற்காக. கன்ட்ரோல் ரூமில் டீ ஆறி ஆடை படிந்து கிடக்கும், யாரும் தொட மாட்டோம். வெளியே என்ன நடக்கிறது என்று கீழே இருப்பவனுக்குத் தெரியாது. காதில் எஞ்சின் சத்தம், கண் கேஜ் மேல். பிரிட்ஜிலிருந்து போன் வந்து ‘தாண்டிவிட்டோம்’ என்று சொன்ன பிறகுதான் மூச்சு வரும்.

2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் 12 நாள் சண்டை போட்டபோது அந்தக் கடலில் ஜிபிஎஸ் குழம்பியது. 17-ம் தேதி இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் அருகிலேயே மோதிக்கொண்டன. ஜலசந்தியை மூட ஈரான் நாடாளுமன்றம் ஆதரவு தெரிவித்தது, ஆனாலும் மூடவில்லை. ஈரானின் சொந்த எண்ணெய் சீனாவுக்குப் போவதும் அதே வழியில்தான். அந்த வால்வை மூடினால் தன் வயிற்றிலும் அடி.

அப்புறம், போர் அபாயப் பகுதி என்று கடலோடிகள் சங்கமும் முதலாளிகளும் சேர்ந்து அறிவித்த இடத்துக்குள் போக மாட்டேன் என்று சொல்லக் கடலோடிக்கு உரிமை உண்டு, போனால் அங்கே இருக்கும் நாளுக்கு அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பு. இது சங்க ஒப்பந்தம் உள்ள கப்பலில். மகனின் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஏஜெண்டின் ஆர்பிஎஸ்எல் உரிம எண்ணையும், அதாவது கப்பலுக்கு ஆள் எடுக்க அரசு தரும் உரிமத்தின் எண்ணையும், கேட்டு வாங்குங்கள்.

நெல்லிக்குப்பம்: பிரிக்ஸ் நாணயம் வந்தால் டாலர் ஒழிந்துவிடுமா?

இந்தியா, சீனா, ரஷ்யா, பிரேசில் எல்லாம் சேர்ந்த கூட்டமைப்பு பிரிக்ஸ். அதற்குப் பொது நாணயம் இல்லை. உலக மைய வங்கிகளின் கையிருப்பில் பாதிக்கு மேல் இன்னும் டாலர்தான்.

மஞ்சக்குப்பம்: அமெரிக்கா பெரிதா, சீனா பெரிதா?

எதில் என்று கேளுங்கள். போர்க்கப்பல் எண்ணிக்கையில் சீனா. விமானம் தாங்கிக் கப்பலில் அமெரிக்கா, 11 இருக்கிறது. கப்பல் கட்டுவதில் சீனாவுக்குப் பக்கத்தில்கூட அமெரிக்கா இல்லை.

பண்ருட்டி: மூன்றாம் உலகப் போர் எந்த வருஷம்?

மேலே சொல்லிவிட்டேன்.

பரங்கிப்பேட்டை, வேதியியல் ஆசிரியை: அரிய மண் நம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலிலேயே இருக்கிறதே, சீனாவிடம் ஏன் கையேந்துகிறோம்?

நல்ல கேள்வி டீச்சர். மணல் இருக்கிறது. அந்த மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் கதிரியக்கமுள்ள தோரியம் கலந்திருப்பதால் அரசு நிறுவனம் மட்டுமே அதைக் கையாளுகிறது. ஆனால் சிக்கல் மணலில் இல்லை. அரிய மண் தனிமங்கள் மொத்தம் 17-ம் குணத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க நூற்றுக்கணக்கான தடவை கரைப்பானில் அலச வேண்டும். அமிலக் கழிவு, கதிரியக்கக் கழிவு மிஞ்சும். மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய இந்த வேலையைச் சீனா பல பத்து வருஷமாக எடுத்துச் செய்தது. இன்று உலகச் சுத்திகரிப்பில் பத்தில் ஒன்பது பங்கு அங்கே. சிப்காட் ரசாயன ஆலைகளின் காற்றைச் சுவாசித்த கடலூர்க்காரர்களுக்கு அந்தக் கழிவின் விலை என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. நாம் செய்யத்தான் வேண்டும், ஆனால் கழிவை எங்கே வைப்போம் என்பதை முதலில் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

புதுச்சேரி, வரலாறு படிக்கும் மாணவி: பெரிய நாடுகளின் சண்டையில் நம் ஊர் மாதிரிச் சின்ன இடத்துக்கு என்ன சம்பந்தம்?

பாப்பா, நீ நிற்கும் ஊரே அதற்குப் பதில். 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள். ஆங்கிலேயர் தலைமையிடம் நம் தேவனாம்பட்டினம் கோட்டைக்கு வந்தது. 1748 உடன்படிக்கையில் சென்னை திரும்பக் கிடைத்தது. எதற்குப் பதிலாக? வட அமெரிக்காவில் லூயிபர்க் என்ற கோட்டைக்குப் பதிலாக. சென்னையில் இருந்த ஒருவரையும் கேட்கவில்லை.

1783-க்கு வா. அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரான்ஸ் அமெரிக்கர் பக்கம் இருந்ததால் அந்தச் சண்டை இங்கேயும் வந்தது. ஜூனில் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த கடலூரை ஆங்கிலேயர் முற்றுகையிட்டார்கள். ஜூன் 20 அன்று நம் கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரனின் 15 போர்க்கப்பலும் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹியூஸின் 18 போர்க்கப்பலும் மோதின. ஆனால் ஐரோப்பாவில் ஜனவரி 20 அன்றே சமாதான முன் உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. செய்தி கப்பலில் வந்து சேர ஐந்து மாதத்துக்கு மேல் ஆனது. முடிந்துபோன சண்டைக்காக இங்கே ஆட்கள் செத்தார்கள்.

இதைச் சொன்னதும் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. புதுச்சேரியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், சுஃப்ரன்தான் ஜெயித்தார், ஹியூஸ் சென்னைக்குப் பின்வாங்கினார், இன்னும் ஒரு மாதம் செய்தி தாமதித்திருந்தால் வரலாறே மாறியிருக்கும் என்றார். முதுநகர்க்காரர் ஒருவர் எழுந்து, கடலில் ஜெயித்தால் ஆச்சா, கரையில் பிரெஞ்சுத் தரைப்படைத் தளபதி புஸ்ஸி கோட்டைக்குள் அடைந்துகிடந்தாரே என்றார். அரை மணி நேரம் போனது. என் கருத்தைக் கேட்டார்கள்.

ஐயா, கடல் சண்டையில் சுஃப்ரன் கைதான் ஓங்கியது, அதை மறுக்க முடியாது. 3 கப்பல் குறைவாக வைத்துக்கொண்டு ஹியூஸை விலக்கி, கரைக்கு ஆள் இறக்கினார். அடைபட்டிருந்தவருக்கு வழி திறந்தது. ஆனால் வரலாறு மாறியிருக்கும் என்பதை நான் ஏற்க மாட்டேன். யார் ஜெயித்தாலும் கடலூரும் புதுச்சேரியும் ஐரோப்பாவில் மேஜைமேல் வைத்து மாற்றிக்கொள்ளும் பண்டமாகத்தான் இருந்திருக்கும். லூயிபர்க்குக்குச் சென்னை என்றார்களே, அது மாதிரி. இதில் நம் ஊர்க்காரர்கள் இரண்டு கட்சியாக நிற்பதுதான் எனக்குப் புரியவில்லை. முற்றுகையில் பட்டினி கிடந்தவர், வள்ளம் பறிபோனவர் எந்தப் பக்கம்? அவர்கள் பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆசிரியர் இதற்கும் பதில் வைத்திருந்தார். வெளியே டீக்கடையில் தொடரலாம் என்று சொல்லிவிட்டேன்.

முத்தியால்பேட்டை: பிரான்ஸ் இன்னும் வல்லரசா?

ஐநா பாதுகாப்பு அவையில் வீட்டோ இருக்கிறது, அணு ஆயுதம் இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் அவர்களின் அதிபர் தேர்தலுக்கு இங்கேயே ஓட்டுப் போடுகிறார்கள்.

சிதம்பரம்: மூன்றாம் உலகப் போரில் இந்தியா யார் பக்கம்?

இந்தக் கேள்வியை இனி எடுக்க மாட்டேன்.

சில்வர் பீச் பக்கம், ஐடிஐ முடித்த தம்பி: 3 லட்சம் கட்டினால் டேங்கரில் வேலை என்கிறார் ஒரு ஏஜெண்ட். நல்ல சம்பளம், பழைய கப்பல். போகலாமா?

போகாதே தம்பி. வேலை வாங்கித் தரக் கடலோடியிடம் பணம் வாங்குவதே சட்டப்படி தவறு. 2022 டிசம்பரில் ரஷ்ய எண்ணெய்க்கு மேற்கு நாடுகள் பீப்பாய்க்கு 60 டாலர் உச்சவரம்பு வைத்தன. அதற்கு வெளியே எண்ணெய் கடத்த நூற்றுக்கணக்கான பழைய கப்பல்கள் இறங்கின. கொடியை மாற்றுகிறார்கள், பெயரை மாற்றுகிறார்கள், முறையான காப்பீடு கிடையாது. பிரச்சினை வந்தால் முதலாளி யார் என்றே தெரியாது. என் தங்கை மகன் ஒரு ஏஜெண்டிடம் பணம் கட்டி இப்படி ஒரு கப்பலில் ஏறினான். 5 மாதம் நங்கூரத்தில், சம்பளம் இல்லை, கடைசியில் குடிதண்ணீரும் அளந்துதான். அவன் 14 கிலோ குறைந்து வந்து இறங்கியதை நான் விமான நிலையத்தில் நின்று பார்த்தேன்.

ஆர்பிஎஸ்எல் உரிம எண்ணைக் கேள். கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் இணையதளத்தில் அந்த எண் செல்லுமா என்று நீயே பார். எண் தராதவன் கதவைத் திரும்பத் தட்டாதே. ரஷ்யாவில் உதவியாளர் வேலை என்று அழைத்துப்போய்ப் போர்முனையில் நிறுத்தப்பட்ட நம் நாட்டுப் பிள்ளைகளும் ஏஜெண்டை நம்பிப் போனவர்கள்தான்.

தேவனாம்பட்டினம், அதே தாய்: மகன் 6 நாளாகப் பேசவில்லை. கப்பல் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நடுக்கடலில் இணையம் போவது சாதாரணம் அம்மா, 6 நாளுக்குப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு கப்பலுக்கும் 7 இலக்கத்தில் ஐஎம்ஓ எண் உண்டு, பெயர் மாறினாலும் அது மாறாது. மகனின் ஒப்பந்தத் தாளில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு நாளைக் காலை 10 மணிக்கு இங்கே வாருங்கள், என் போனில் சேர்ந்து பார்த்துவிடலாம்.