கால்குலேட்டர் காட்டுவதை எல்லாம் எழுதலாமா?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். செய்முறை வகுப்பில் இரும்பு உருளையின் அடர்த்தி கண்டோம். நிறை 47.35 கிராம், வெர்னியரில் விட்டம் 1.24 செ.மீ., நீளம் 5 செ.மீ. கால்குலேட்டர் 7.841817 என்று காட்டியது, அப்படியே எழுதினேன். சார் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். எத்தனை இலக்கம்தான் எழுத வேண்டும்?

பதில்: சார் சுழித்தது சரிதான். நானாக இருந்தால் அதற்கு முன்பே அந்த நீளத்தைச் சுழித்திருப்பேன். வெர்னியர் அளவியில் வெறும் 5 என்று ஓர் அளவு வராது. அதன் மீச்சிற்றளவு, அதாவது அதில் படிக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.01 செ.மீ. முதன்மைக் கோலில் 5.0, வெர்னியர் ஒன்றிப்பு (முதன்மைக் கோலின் கோட்டோடு நேராகப் பொருந்தும் வெர்னியர் பிரிவு) சுழி என்றால் எழுத வேண்டியது 5.00. பின்னால் வரும் இரண்டு சுழிகளும் அழகுக்கு இல்லை. அந்த இடம் வரை பார்த்தாயிற்று, அங்கே ஒன்றும் இல்லை என்பதற்குச் சாட்சி. வெறும் 5 என்றால் கண்ணால் குத்துமதிப்பாகப் பார்த்தது போல ஆகிவிடும்.

நிச்சயமாகத் தெரிந்த இலக்கங்கள், அவற்றோடு கொஞ்சம் சந்தேகமுள்ள கடைசி இலக்கம் ஒன்று. இவைதான் முக்கிய எண்ணுருக்கள். 47.35இல் நான்கு, 1.24, 5.00 இரண்டிலும் மூன்று மூன்று. பெருக்கல், வகுத்தல் என்றால் இருப்பதிலேயே குறைந்த எண்ணிக்கைதான் விடைக்கும். ஆகவே உங்கள் விடை 7.84 கி/செ.மீ³. சூத்திரத்தில் (அடர்த்தி = 4 × நிறை ÷ (π × விட்டம்² × நீளம்)) வரும் 4, தனி ஊசலில் எண்ணும் 20 அலைவுகள் போன்றவை துல்லியமான எண்கள். இந்தக் கணக்கில் சேரா. விட்டத்தை 0.0124 மீட்டர் என்று மாற்றினாலும் மூன்றுதான், முன்னால் நிற்கும் சுழிகள் வெறும் இடநிரப்பிகள்.

சரி, 7.84ஐ அப்படியே நம்பலாமா? ஒரு சோதனை செய்து பாருங்கள். விட்டம் 1.23 ஆக இருந்திருந்தால் விடை 7.97. 1.25 என்றால் 7.72. வெர்னியரில் ஒரே ஒரு பிரிவு பிசகினால் இவ்வளவு ஆட்டம், ஏனென்றால் விட்டம் இருமடியாக வருகிறது. இரும்பின் அடர்த்தி 7.87 என்று அட்டவணையில் இருப்பது இந்த எல்லைக்குள்தான் விழுகிறது. அதாவது மூன்றாவது இலக்கமே தள்ளாடுகிறது, நீங்களோ ஏழாவது வரை எழுதியிருக்கிறீர்கள்! முக்கிய எண்ணுரு விதி ஒரு தோராய வழிகாட்டி மட்டுமே. பிழையைக் கணக்கிட்டு 7.84 ± 0.13 என்று எழுதுவதே என் கட்சி.

கூட்டல், கழித்தலுக்கு விதி வேறு: அங்கே பார்க்க வேண்டியது தசம இடங்களை. கழித்தலில் ஒரு பள்ளமும் உண்டு. உப்போடு புட்டி 50.27 கிராம், காலிப் புட்டி 50.12 கிராம். உப்பு 0.15. நான்கு இலக்கத்தில் தொடங்கி இரண்டில் வந்து நிற்கிறோம்.

முழு எண்ணின் கடைசிச் சுழிகள் இன்னொரு தலைவலி: அளந்து வந்தவையா, வெறும் இடநிரப்பிகளா என்று தெரியாது. 1802இல் சென்னை பரங்கிமலைப் பகுதியில் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவைதான் பின்னாளில் எவரெஸ்ட் உயரத்தையும் கணக்கிட்டது. 1856இல் அறிவித்த உயரம் 29,002 அடி. கணக்கில் வந்தது சரியாக 29,000 என்றும், அப்படிப் போட்டால் தோராயம் என்று நினைப்பார்கள் என்பதால் 2 அடி சேர்த்தார்கள் என்றும் ஒரு கதை சொல்வார்கள். 2.9000 × 10⁴ என்று எழுதினால் அந்தக் குழப்பமே வராது.

அப்புறம், இடைப்பட்ட படிகளில் இலக்கங்களைக் குறைத்து முழுமைப்படுத்தாதீர்கள். கால்குலேட்டரில் உள்ளபடியே கொண்டுபோய்க் கடைசியில் ஒரே முறை செய்யுங்கள். அடுத்த முறை அதே உருளையின் விட்டத்தைத் திருகு அளவியில் எடுத்துப் பாருங்கள். மீச்சிற்றளவு 0.01 மி.மீ., ஆகவே 12.41 மி.மீ. போல நான்கு இலக்கம் கிடைக்கும். அப்போது விடையின் மூன்றாவது இலக்கத்தையும் ஓரளவு நம்பலாம்.