ஓடும் பாத்திரம், வழுக்கும் கால்: பிக்சல் அனிமேஷன் வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: ஓடித் தாவிப் போகும் பிளாட்ஃபார்ம் கேம் ஒன்று செய்கிறேன். 16×16 பிக்சல் அளவில் கதாபாத்திரம் வரைய 9,000 ரூபாய் டிராயிங் டேப்லெட் வாங்கலாமா? (கரூர்)

பதில்: வேண்டாம். 256 கட்டங்களை நிரப்ப மவுஸ் போதும்.

கேள்வி: பிக்சல் படம் வரையும் ஏஸ்ப்ரைட் மென்பொருளைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா? இலவசமாகவே கிடைக்கும் என்கிறான் நண்பன். (கோவை)

பதில்: நண்பர் சொல்வது பாதி சரி. அதன் சோர்ஸ் கோடு (மூல நிரல்) பொதுவில் இருக்கிறது. நீங்களே அதைக் கம்பைல் செய்து, அதாவது ஓடும் மென்பொருளாக மாற்றிப் பயன்படுத்தலாம், அதை மற்றவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. 2016-இல் உரிமம் மாறியபோது, அதற்கு முந்தைய நிரலிலிருந்து பிரிந்து வந்தது லிப்ரெஸ்ப்ரைட். அது முழு இலவசம். பிக்ஸலோராமாவும், பிரவுசரிலேயே ஓடும் பிஸ்கெல்லும் அப்படித்தான். முதலில் இவற்றில் ஒன்றில் ஒரு ஓட்டத்தை வரைந்து முடியுங்கள். அப்புறமும் ஏஸ்ப்ரைட் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள், நல்ல மென்பொருள்தான். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால், ரீஃபண்ட் கேட்கலாம்.

கேள்வி: '240 ஃப்ரேம்' (அசைவின் தனித்தனிப் படங்கள்) என்று போட்டிருந்த வீரன் பேக்கை, அதாவது ஆயத்தப் படத் தொகுப்பை, 1,500 ரூபாய்க்கு வாங்கினேன். கேமில் போட்டால் உருவம் நடுங்குகிறது, கால் வழுக்குகிறது. என் நிரலில்தான் தப்பா? (மதுரை)

பதில்: உங்கள் நிரலை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த 240-ஐ எண்ணிப் பாருங்கள். 40 படம் வரைந்து, இடப்பக்கம் திருப்பி 80 ஆக்கி, மூன்று சட்டை நிறம் மாற்றினால் 240 வந்துவிடும். திருப்புவதை கோடோ, யூனிட்டி போன்ற கேம் உருவாக்கும் மென்பொருள்களே ஒரே அமைப்பில் செய்துவிடும். அதற்கு யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை. இந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

நடுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஸ்ப்ரைட் ஷீட்டில், அதாவது எல்லா ஃப்ரேமையும் அடுக்கிய ஒரே படக் கோப்பில் இருக்கும். எல்லா ஃப்ரேமும் ஒரே அளவுக் கட்டத்தில், பாதம் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் நானும் இப்படி ஒரு பேக் வாங்கினேன். வாள் வீசும் படங்கள் மட்டும் அகலமான கட்டத்தில் இருந்ததால் ஒவ்வொரு வீச்சுக்கும் வீரன் ஐந்து பிக்சல் முன்னே குதித்தான். எழும்புவதற்கும் விழுவதற்கும் ஒரே படம். போதாததற்கு, சிறிய படத்தை மென்மையாக்கிப் பெரிதாக்கியிருந்தார்கள்; ஓரமெல்லாம் மங்கல் நிறங்கள். மறுபடி சின்னதாக்கியும் பழைய கூர்மை வரவில்லை. இரண்டு வார இறுதிகள் அதிலேயே போயின.

வழுக்கலை நீங்களே சரிசெய்யலாம். தரையில் ஊன்றிய கால் ஒரு ஃப்ரேமுக்கு 3 பிக்சல் பின்னே போகிறது, நொடிக்கு 10 ஃப்ரேம் ஓடுகிறது என்றால், பாத்திரம் நொடிக்கு 30 பிக்சல் நகர வேண்டும். 90 வைத்தால் வழுக்கத்தான் செய்யும். அடுத்த முறை வாங்கும் முன், மாதிரி ஃப்ரேம்களை விற்பவரிடம் கேட்டு வாங்கி உங்கள் கேமில் ஓட்டிப் பாருங்கள். கடைப் பக்கத்தில் ஓடும் படம் பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்று ஓடுவது. அதில் வழுக்கல் தெரியவே தெரியாது.

கேள்வி: வாங்கிய பேக்கை வைத்து கேமை விற்பனைக்கு விட்டேன். இப்போதுதான் 'வணிகப் பயன்பாடு கூடாது' என்ற வரியைப் பார்த்தேன். பணம் திரும்பக் கேட்கலாமா? (சேலம்)

பதில்: எதற்குக் கேட்க வேண்டும்? அவர் எழுதி வைத்துத்தான் விற்றார், நீங்கள்தான் படிக்கவில்லை. கேமை இன்றே நிறுத்திவையுங்கள். வரைந்தவரிடம் வணிக உரிமம் என்ன விலை என்று கேட்டு வாங்குங்கள். அது கட்டாது என்றால், கென்னி என்பவர் வெளியிடும் பேக்குகள் எந்த நிபந்தனையும் இல்லாத சிசி0 உரிமத்தில் வருகின்றன, விற்கிற கேமிலும் போடலாம். அங்கும் உரிம வரியைப் படித்துவிட்டு எடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் அறிமுகமான ஓவியரிடம் கதாநாயகி அனிமேஷனுக்கு 12,000 ரூபாய் யுபிஐ-யில் முழுதாகக் கொடுத்தேன். வந்த படங்கள் ஒரு இலவசப் பேக்கில் அப்படியே இருக்கின்றன, முடி நிறம் மட்டும் வேறு. ஆள் பதிலே சொல்வதில்லை. ஏமாந்ததற்கு வெட்கமாக இருக்கிறது. (திருநெல்வேலி)

பதில்: நீங்கள் ஏன் வெட்கப்பட வேண்டும்? நம்பிக் கொடுத்தீர்கள், குற்றம் அவருடையது. உரையாடல், யுபிஐ பரிவர்த்தனை எண், இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஸ்க்ரீன்ஷாட் எல்லாவற்றையும் சேமித்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேசுங்கள். வங்கியிடமும் புகார் கொடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915.

அடுத்து வேறு ஓவியரிடம் போனால், முதலில் கதாநாயகி சும்மா நிற்கும் அனிமேஷனை மட்டும் கேட்டு, அதற்கு மட்டும் பணம் கொடுங்கள். லேயர்கள் உள்ள மூலக் கோப்பையும் கேளுங்கள். சுட்ட படத்துக்கு அது பெரும்பாலும் இருக்காது. உரிமையை எழுத்தில் வாங்குங்கள். பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும்.

அந்த இலவசப் பேக்கின் உரிமத்தையும் பாருங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் என்றால், வரைந்தவர் பெயரையும் செய்த மாற்றத்தையும் குறிப்பிட்டு உங்கள் கேமிலேயே அந்தக் கதாநாயகியை வைத்துக்கொள்ளலாம். அவருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். அவர் இலவசமாகக் கொடுத்ததை ஒருவர் 12,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறார் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.