“ஒரு பாதுகாப்புக்கு வைத்திருந்தேன்” என்று சொன்ன அந்த வரி

கேள்வி: வயது 27, சுன்னாகம். பத்து வருடமாக மடக்குக் கத்திகள் சேர்க்கிறேன். அப்பப்பாவின் கொம்புப் பிடி போட்ட வில்லுக்கத்தியில் தொடங்கி இப்போது 41 இருக்கின்றன. நல்லூர்த் திருவிழா நேரம் ஓர் இரவு பருத்தித்துறை வீதியில் பொலிஸார் மறித்துப் பையைச் சோதித்தார்கள். அப்பப்பாவின் கத்தியும் லண்டன் மாமா தந்த ஒப்பினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தியும் உள்ளே இருந்தன. பயத்தில் “இரவில தனியப் போறனான், ஒரு பாதுகாப்புக்கு” என்று சொல்லிவிட்டேன். அடுத்த நாள் வீட்டுக்கு வந்து மிச்சத்தையும் அள்ளிக்கொண்டு போனார்கள். “கூரிய ஆயுதங்களுடன் இளைஞன் கைது” என்று செய்தி வந்தது. அம்மா வெளியே தலைகாட்ட முடியாமல் இருக்கிறா. மூன்று அங்குலக் கத்திக்கு வழக்கே இல்லை என்கிறார் மாமா. தண்டத்தைக் கட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்கிறார் தெரிந்த ஒருவர். பொலிஸார் மேலும் பத்திரிகை மேலும் வழக்குப் போடலாமா? அடுத்த வருடம் கனடாவுக்குப் போக அலுவல் பார்க்கிறேன்.

பதில்: தம்பி, உங்கள் கடிதம் நாலு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் பட்ட அவமானம். முழுவதையும் வாசித்தேன், உங்கள் அம்மாவின் நிலையும் விளங்குகிறது. ஆனால் நீதவான் முன்னால் அதில் ஒன்றும் எடுபடாது. பொலிஸார் எப்படிப் பேசினார்கள், செய்தியில் என்ன தலைப்புப் போட்டார்கள் என்பதையெல்லாம் இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கள். வழக்கு நிலுவையில் இருக்கும்போது பொலிஸார் மேல் வழக்குப் போடுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். நீதிமன்றம் உங்களிடம் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கத்தி, அந்த நேரத்தில், அந்த இடத்தில், உங்கள் பையில் ஏன் இருந்தது?

மாமாவின் மூன்று அங்குலக் கதையை முதலில் முடித்துவிடுவோம். அது இங்கிலாந்தின் 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம். மூன்று அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்திக்கு மட்டும் அங்கே விலக்கு. உங்கள் படத்தில் இருப்பது ஒப்பினெல் 8ஆம் இலக்கம். அதன் அலகு எட்டரை சென்ரிமீற்றர், அதாவது மூன்று அங்குலத்துக்கு மேலே. கைப்பிடியின் கழுத்தில் உள்ள வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். பூட்டும் கத்தி அந்த விலக்குக்குள் வராது என்று அங்குள்ள மேல் நீதிமன்றமே சொல்லிவிட்டது. தகுந்த காரணம் இல்லாமல் மாமா அதை லண்டனில் கொண்டு திரிந்தாலும் பிடிபடுவார். எப்படியானாலும் பருத்தித்துறை வீதியில் இங்கிலாந்துச் சட்டம் ஓடாது.

இங்கே பிரித்தானியர் காலத்திலேயே கத்தி கொண்டு திரிவதைக் கட்டுப்படுத்தக் கத்திகள் கட்டளைச் சட்டம் என்று தனியாக ஒன்று வந்தது. வீட்டில் வைத்திருப்பது வேறு, கொண்டு திரிவது வேறு. வாள்வெட்டுகளுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பொலிஸாரோ நீதிமன்றமோ கத்தியைச் சாதாரணமாகப் பார்ப்பதில்லை. உங்கள் கைப்பிடி எவ்வளவு அழகு என்பது அங்கே கணக்கில் வராது.

சில வருடங்களுக்கு முன் கள்ளுச் சீவும் தொழிலாளி ஒருவரைத் திருநெல்வேலிச் சந்தியில் மறித்தார்கள். அவருடைய பாளைக்கத்தி உங்கள் இரண்டு கத்தியையும் சேர்த்தாலும் அதைவிடப் பெரியது, சவர அலகு போலக் கூர். சைக்கிள் காரியரில் தளைநாரும் முட்டியும் கட்டியிருந்தன. “மரத்துக்குப் போறன் ஐயா” என்றார். விட்டுவிட்டார்கள். அதே கிழமையில் பழம் வெட்டும் சின்னக் கத்தியை இடுப்பில் செருகியிருந்த பொடியன் ஒருவன் என்னிடம் வந்தான். ஏன் வைத்திருந்தாய் என்று பொலிஸார் கேட்டதற்கு “சும்மா” என்று சொல்லியிருந்தான். அவனுடைய வழக்கு எட்டுத் தவணை ஓடியது.

“பாதுகாப்புக்கு” என்பது “சும்மா” என்பதைவிடக் கெட்ட பதில். தேவை வந்தால் மனிதன் மேல் பாவிப்பேன் என்பதுதான் அதற்குப் பொருள். ஒரு கருவியை ஆயுதமாக மாற்றும் சொல் அது. பிடிபடுகிற பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இதைத்தான் சொல்லுகிறார்கள். சொன்னால் பொலிஸார் இரங்குவார்கள் என்று நினைக்கிறார்கள்.

இப்போது உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்துக்கு வருகிறேன். “பொலிஸ்காரர் அப்பப்பாவின் கத்தியை மேசையில் எறிந்தார், அன்று பின்னேரம்தான் கொல்லரிடம் ஆணி இறுக்கி எடுத்திருந்தேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். எறிந்ததற்காகக் கொதித்து எழுதிய வரி அது. உங்கள் வழக்கில் எனக்குப் பிரயோசனமான ஒரே வரியும் அதுதான். பழுதுபார்த்த கத்தியை வீட்டுக்குக் கொண்டுபோவது நியாயமான காரணம். கொல்லர் சாட்சிக்கு வருவாரா, காசு கொடுத்ததற்கு ஒரு துண்டாவது இருக்கிறதா, எத்தனை மணிக்குப் பட்டறையில் இருந்து வெளிக்கிட்டீர்கள் என்பதை இன்றைக்கே எழுதி வையுங்கள்.

ஆனால் அது ஒரு கத்திக்குத்தான் பதில். ஒப்பினெல் ஏன் பையில் இருந்தது? அந்தப் பூட்டு வளையத்தைக் கொல்லருக்குக் காட்டக் கொண்டுபோனீர்களா? உண்மையென்றால் சொல்லுங்கள். இல்லையென்றால் புதிதாக ஒன்றைக் கட்டிச் சொல்லாதீர்கள். பொலிஸ் அலுவலரிடம் சொன்ன குற்ற ஒப்புதலைச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு உங்களுக்கு எதிராக நிரூபிக்க விடாது. அது தெரிந்ததும் எல்லாருக்கும் ஒரு துணிவு வந்துவிடுகிறது. கூண்டில் ஏறி வேறு கதை சொல்லுகிறார்கள். அப்போது முதல் வாக்குமூலத்தை எடுத்து “அன்றைக்கு வேறு மாதிரிச் சொன்னீரே” என்று முரண்பாடு காட்ட, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. கொல்லரைப் பற்றி அந்த வாக்குமூலத்தில் ஒரு சொல்லும் இல்லையென்றால், முன்பே சொல்லாதது ஏன் என்ற கேள்வியும் வரும். பயந்துபோய்ச் சொன்னேன் என்பது அதற்கு ஒரு பதில்தான். ஆனால் இரண்டு கத்திக்கும் சேர்த்து அது தாங்குமா என்பது எனக்குச் சந்தேகம். வாக்குமூலத்தின் பிரதியை எடுத்து ஒவ்வொரு சொல்லாக வாசியுங்கள். அது சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசித்து விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வாங்கியிருந்தால் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். அரசியலமைப்பின்படி வடக்கில் நிருவாக மொழி தமிழ்.

இனி, தண்டத்தைக் கட்டிவிட்டு வா என்கிறாரே உங்களுக்குத் தெரிந்தவர், அவரைப் பற்றி. என் கட்சிக்காரர்கள் ஆகக் கூடுதலாக விழுகிற கிடங்கு இதுதான். முதல் தவணை, காலையில் நீதிமன்றம் நிரம்பி வழிகிறது, பெயர் கூப்பிடுகிறார்கள், சட்டத்தரணி இல்லை. குற்றவாளியா சுற்றவாளியா (குற்றமற்றவரா) என்று கேட்டதும் “குற்றவாளி” என்கிறார்கள். தண்டம் சிறுதொகை, மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடலாம். அப்படிச் செய்த ஒருவர் இரண்டு வருடம் கழித்து என்னிடம் வந்தார். வெளிநாட்டு வேலைக்கு எல்லாம் சரி, பொலிஸ் சான்றிதழ் எடுக்கப் போன இடத்தில் அந்தத் தீர்ப்புக் கிடந்தது. கட்டிய தண்டம் நல்லூருக்கு ஓட்டோவில் போய்வரும் காசு. போனது வேலை. மேன்முறையீட்டுக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டவர் என்பதால் எனக்குப் பிடிக்க ஒரு கொப்பும் இருக்கவில்லை.

நீங்கள் கனடாவைப் பற்றிக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். கனடா விசாப் படிவத்தில், எந்த நாட்டிலாவது குற்றம் செய்ததுண்டா, கைதானதுண்டா, குற்றம் சாட்டப்பட்டதுண்டா, குற்றத்தீர்ப்பு உண்டா என்று ஒரே மூச்சில் கேட்கிறார்கள். வழக்கு எப்படி முடிந்தாலும் கைது நடந்தது நடந்ததுதான். “இல்லை” என்று எழுதி அது பிடிபட்டால் பொய்த்தகவல் என்று ஐந்து வருடத் தடை. முகவர் யாராவது “சின்ன விசயம், எழுதத் தேவையில்லை” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கைதை எழுதி, குற்றத்தீர்ப்பு இல்லாமல் முடிந்த நீதிமன்றக் கட்டளையின் பிரதியை இணைக்கிறவரின் நிலை வேறு. அந்தக் கட்டளையைத்தான் நாங்கள் தேட வேண்டும்.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 306ஆம் பிரிவு இருக்கிறது. குற்றச்சாட்டு நிரூபணமானாலும், ஆளின் நடத்தை, வயது, குற்றத்தின் சிறுமை ஆகியவற்றைப் பார்த்து, குற்றவாளியாகத் தீர்ப்பிடாமலே எச்சரித்தோ நிபந்தனையோடோ நீதவான் விடுவிக்கலாம். உங்களுக்கு முன்குற்றம் இல்லை, கத்தியை யாருக்கும் காட்டியதும் இல்லை. நேராகவே சொல்லுகிறேன்: விசாரணைக்குப் போய் வெல்லப் பார்க்காதீர்கள், இந்த வழியில் முடியுங்கள். வென்றாலும் அதற்குள் வருடங்கள் போகும், நிலுவையில் உள்ள வழக்கோடு விசா அலுவல் நகராது. ஒரு பேச்சுக்கு அந்த இரண்டு கத்தியும் அரசுடைமையானாலும் விட்டுவிடுங்கள். அப்பப்பாவின் கத்தி என்று மனம் கேட்காது, தெரியும். அதைத் திருப்பித் தரும்படி கேட்போம், தரமாட்டேன் என்றால் அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம்.

ஆனால் இதற்கும் “குற்றவாளி” என்ற சொல்லைத்தான் சொல்ல வேண்டிவரும். அதைத் தனியாக நின்று சொல்லக்கூடாது. சட்டத்தரணி 306இன் கீழ் விண்ணப்பத்தோடு எழும்பி, வேலையிடக் கடிதம், கிராம அலுவலர் சான்று, கொல்லரின் சத்தியக்கடதாசி எல்லாவற்றையும் வைத்த பிறகுதான் சொல்ல வேண்டும். இது முழுக்க நீதவானின் தற்றுணிபு, அதாவது கொடுப்பதும் விடுவதும் அவர் முடிவு. முதல் தவணையில் சுற்றவாளி என்று சொல்லி நேரம் எடுத்து, பின்னர் மாற்றுவதில் பிழை இல்லை.

வீட்டில் எடுத்த 39 கத்திக்கு இந்த வழக்கில் வேலை இல்லை. அவற்றை விடுவிக்கத் தனியாக விண்ணப்பம் செய்யுங்கள். நீங்கள் வைத்திருக்கும் படங்களும் வாங்கிய திகதி எழுதிய கொப்பியும் அங்கே நன்றாக உதவும். ஒன்றில் மட்டும் கவனம். ஒரு கத்தியைக் “கண்டி அரசர் காலத்தது” என்று படத்தின் பின்னால் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். 1815 மார்ச் 2க்கு முந்தியது என்றால் அது தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்குள் வரும், அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. உண்மையில் வயது தெரியுமென்றால் தொல்லியல் திணைக்களத்துக்குக் காட்டுங்கள். சந்தையில் விற்றவர் சொன்னதுதான் ஆதாரம் என்றால், அந்தச் சொல்லை விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். எதுவானாலும் கனடாப் பெட்டிக்குள் அதை வைக்காதீர்கள்.